குளவிகளுக்குப் பிடித்த மாமனார்

ஜூன் 3, செவ்வாய்

புழுக்கள் நலம். நானும் நலம். இப்போதெல்லாம் வீட்டில் இந்த வரிசையில்தான் விசாரிக்கிறார்கள். மருமகள் எழுந்ததும் நேராகப் பின்னறைக்குப் போய்ப் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறாள். பிறகு முகம் கழுவுகிறாள். பிறகுதான், "மாமா, முட்டி எப்படி இருக்கு?" என்கிறாள். குறையாகச் சொல்லவில்லை. புழுவுக்கு ஆயுசு கம்மி. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அவள் வேலை பார்க்கும் லேப்பில் புழு வளர்க்கிற அறைக்குப் புதிதாக வர்ணம் பூசுகிறார்கள். அந்த நெடி பட்டால் புழு தாங்காதாம். அதனால் முட்டைக்கோஸ் இலையும் புழுவுமாகப் பெட்டி பெட்டியாக எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. இலை மாற்றுவது, எச்சத்தைத் தட்டிவிடுவது, காலையில் பஸ் ஏறி லேப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. ஹோட்டலில் சர்வராகவே காலம் தள்ளியவனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கொண்டு வை, தின்றதும் எடு, துடை. புழுக்கள் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருக்கிறாள். "கையில சோப்பு வாசனை, பவுடர் வாசனை எதுவும் இருக்கக் கூடாது மாமா. முட்டிக்குப் போடுற தைலம் கையில படவே கூடாது." நான் சொல்பேச்சுக் கேட்கிற மாமனார். தைலத்தைத் துண்டின் ஒரு நுனியில் ஊற்றி அதாலேயே முட்டியில் தேய்த்துக்கொள்கிறேன். கை சுத்தம்.

(நான் சொல்லச் சொல்ல இந்த நாட்குறிப்பை எழுதுகிற போனுக்கு ஒரு வார்த்தை: வீட்டுப்பேச்சு பேசினால் நீ கண்டபடி எழுதுகிறாயாம். மகன் படித்துப் பார்த்துச் சிரித்தான். எனக்குத்தான் எழுதவும் வராது, நீ எழுதியதைப் படிக்கவும் வராதே. அதனால் வானொலியில் செய்தி வாசிப்பவர்போலப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர் ஒருவரும் இல்லாத வானொலி.)

ஜூன் 5, வியாழன்

அறியாமைக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் இந்த வருஷம் அது எனக்குத்தான்.

பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் கிளம்பியிருக்கலாம். "இந்தப் புழுவ வேட்டையாடுமாமே, அந்தக் குளவிய ஒரு தடவ காட்டேன்மா" என்று நின்றேன். குளவி என்றால் சுவரில் மண்கூடு கட்டுமே, இடுப்பு ஒடுங்கி, பார்த்தாலே முதுகு கூசுமே, அதை எதிர்பார்த்தேன். வலைக்கூண்டில் இருந்தவை எறும்புக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தன.

"இதுவா வேட்டையாடுது?"

"இதேதான். புழு எந்த இலைக்குள்ள ஒளிஞ்சிருந்தாலும் மோந்தே கண்டுபிடிச்சுரும். அதோட மூக்கு கொம்புல இருக்கு."

அத்தோடு விட்டேனா? "அது எனக்குத் தெரியும்மா. புழுவத் தூக்கிட்டுப் போய்க் கூட்டுல வச்சு விடாமக் கொட்டும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாயிரும்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி பாடம் எடுத்தேன்.

அங்கே ஒரு உதவியாளர் அம்மாள் இருக்கிறார். நாள் முழுக்கச் சின்னக் குழாயால் சொட்டுச் சொட்டாக எதையோ எங்கோ விட்டுக்கொண்டே இருப்பார். சொட்டம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் சொட்டு அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

மருமகள் கோபப்படவில்லை. "புழு குளவியாகாது மாமா. குளவி அதோட முட்டையப் புழு உடம்புக்குள்ள வச்சுருது. குஞ்சு பொரிஞ்சு, புழுவ உள்ளேருந்தே தின்னுட்டு வெளிய வருது. வெளிய வர்றதப் பாத்துட்டு அந்தக் காலத்துல அப்படி நெனச்சிருக்காங்க." ஒரு கண்ணாடிக் கிண்ணத்தையும் காட்டினாள். உள்ளே சக்கையாகிப்போன புழு. அதன் முதுகில் அரிசி ஒட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கூடுகள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தப் பழமொழியை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! மேசை துடைக்கத் தெரியாதவன், தட்டை நழுவவிட்டவன், கணக்கில் கோட்டைவிட்ட என் மகன் — ஒருவனைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒருத்தனும் குளவியாகாத காரணம் இன்றுதான் விளங்கியது.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். எல்லா உயிருக்குள்ளும் அது எப்படி உருவாக வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். மரபணு என்கிறாள். மொத்தமே நாலு எழுத்துதான், அவையே மாறி மாறிக் கோடிக்கணக்கில் வருமாம். இந்தக் குளவிக்குள் இருப்பதை முழுக்கப் படித்துவிட்டார்களாம்.

"நாலெழுத்துப் படிக்காத பயல்" என்று என் அப்பா தொடங்கி ஹோட்டல் முதலாளிவரை திட்டாதவர் இல்லை. அந்த நாலெழுத்து எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு பயலும் சொல்லவில்லையே!

ஜூன் 9, திங்கள்

இலை மாற்றினேன். எல்லாம் நன்றாகத் தின்கின்றன. என் கையால் தின்று இளைத்தவர் எவரும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று சாப்பிடும்போது அவள் வேலை பற்றி முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமலே இருந்திருந்தால் சோறாவது இறங்கியிருக்கும்.

குளவியின் கொம்பில் வாசனைக்கென்று நிறையப் பூட்டுகள் இருக்கின்றனவாம், ஏற்ற வாசனை பட்டால்தான் ஒவ்வொன்றும் திறக்குமாம். ஒவ்வொரு பூட்டையும் செய்வது ஒரு மரபணு. எழுத்து முழுவதையும் படித்ததில் அப்படி நூற்றுக்குமேல் கிடைத்திருக்கின்றன. புழுவைப் பார்த்திராத குளவியின் கொம்பையும், ஒரு தடவையாவது புழுவைச் சந்தித்த குளவியின் கொம்பையும் எடுத்து எந்த மரபணு அதிகம் வேலை செய்கிறது என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று மட்டும் ஓவென்று கூச்சல் போட்டிருக்கிறது. புழுவின் எச்ச வாசனையைப் பிடிப்பது அதுதான் என்று இவள் சொல்கிறாள்.

"சொன்னாப் போதுமா?" என்றேன்.

மகன் நடுவில் புகுந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "எந்த ஃபியூஸ் எந்த விளக்குக்குன்னு தெரியலேன்னா என்னப்பா பண்ணுவோம்? ஒண்ணப் புடுங்கிப் பாப்போம். எது அணையுதோ அதுதான். அதே கதைதான்."

"இவருக்கு உலகமே லிஃப்ட்தான்" என்றாள் அவள். ஆனால் தப்பு என்று சொல்லவில்லை. குளவி கூட்டுக்குள் இருக்கும்போதே ஊசி போட்டு அந்த ஒரு மரபணுவை மட்டும் வாயடைக்க வைக்கிறார்கள். வளர்ந்து வந்ததும் ஒரு தடவை புழுவைக் காட்டிப் பழக்குகிறார்கள். பிறகு கவட்டை மாதிரி இருக்கிற கண்ணாடிக் குழாயில் விடுகிறார்கள். ஒரு கிளையின் முனையில் புழுப்பெட்டி, மறு கிளையில் வெறும் இலை. ஊசி போட்ட குளவி வழி தெரியாமல் திண்டாடினால் இவள் சொன்னது சரி.

ஜூலைக் கடைசியில் லேப்பில் இவள் வேலையை எடைபோடுகிற குழு கூடுகிறது. அதற்குள் நிரூபித்துவிட்டால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் அன்றோடு சரி. வேறு எங்காவது தேட வேண்டும். கிடைக்கிற இடத்துக்குப் போக வேண்டும். மகனுக்கோ வேலை இங்கே.

"அப்ப நீ ஒரு பக்கம், இவன் ஒரு பக்கமா?" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

அணையவில்லை. ஃபியூஸைப் பிடுங்கியும் விளக்கு எரிகிறது.

ஊசி போட்ட குளவி, போடாத குளவி எல்லாமே திருப்பம் வந்ததும் நேராகப் புழுப்பக்கம் போகின்றனவாம். யோசிக்கக்கூட இல்லையாம். இரண்டு தரம் செய்து பார்த்தாகிவிட்டது. அவள் தலைவர், "இன்னும் ஒரு தடவ பாருங்க. இல்லேன்னா இந்த மரபணுவ விட்டுருங்க" என்றாராம். மூன்று வருஷ வேலை. செருப்பைக் கழற்றி வைப்பதுபோல் விட்டுவிடலாம் என்கிறார்.

வீட்டுக்கு வந்து கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். நான் துடைத்து அடுக்கினேன்.

ஜூன் 18, புதன்

இன்று எனக்குப் பரீட்சை. வாழ்நாளில் முதல் பரீட்சை.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. பெட்டி ஏதாவது மாறிப்போச்சா? வயசு வாரியாத்தான் வச்சிருந்தேன். ஒட்டியிருக்கிற சீட்ட உங்களால படிக்க முடியாது…"

முகத்தைப் பார்த்துக் கேட்டாள், அதனால் வலிக்கவில்லை. கொஞ்சம் வலித்தது. "உக்காரு" என்றேன். முதல் நாள் முதல் பெட்டியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். மேல்தட்டில் ஜன்னல் பக்கம் எது, அதில் எத்தனை செத்தது, எது எந்தக் காலையில் லேப்புக்குப் போனது, யார் கையில் கொடுத்தேன், சொட்டம்மா அன்று போட்டிருந்த கண்ணாடி எந்த நிறம். அவள் தன் தாளை வைத்துக்கொண்டு சரிபார்த்தாள். ஓரிடத்தில், "இல்ல மாமா, அது திங்கக்கிழமை" என்றாள். "செவ்வாய். அன்னிக்கு பஸ்ல ஒரு பிள்ள அழுதுக்கிட்டே வந்துச்சு" என்றேன். தாளைப் புரட்டினாள். செவ்வாய்தான்.

எழுதிக்கொள்ளாமலே பத்து மேசை ஆர்டரை ஒரே மூச்சில் சமையலறையில் போய்ச் சொன்னவன் நான். இந்தப் பெட்டிகள் எனக்கு எம்மாத்திரம்?

மகனிடம் இரண்டு தடவை சொல்லிப் பெருமைப்பட்டேன். மூன்றாவது தடவை ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டான்.

ஜூன் 21, சனி

அவள் தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது. என்னால் ஆனது, பெட்டிகளை முன்னைவிடப் பளபளவென்று துடைத்துக் கொண்டுபோகிறேன். விளிம்பைத் தோள்துண்டால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைக்காமல் எதையும் என்னால் யார் முன்னும் வைக்க முடியாது. கை தானாகப் போய்விடும்.

ஜூன் 24, செவ்வாய்

இந்த வயதில் எனக்கு ரசிகைகள்.

இன்று பெட்டிகளைக் கொடுத்துவிட்டு முட்டி வலியால் குளவிக்கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கூண்டுக்குள் இருந்ததெல்லாம் என் பக்க வலையில் வந்து அப்பிக்கொண்டது. நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன். அவையும் அந்தப் பக்கம் வந்தன.

சொட்டம்மா வாய்விட்டுச் சிரித்தார். "பெரியவரே, எல்லாம் பொண்ணுங்க. ஆம்பளக் குளவி வேட்டைக்கே போகாது."

"பின்ன? சாப்பாடு கொண்டுவர்ற ஆளத் தெரியாமப் போகுமா? நன்றியுள்ள ஜீவனுங்க" என்றேன். சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன். வெட்கக்கேடு.

சாயங்காலம் வீட்டில் இதைக் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துச் சொன்னேன். மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கரண்டி கையிலேயே நின்றது.

"எந்தப் பக்கம் உக்காந்தீங்க?"

"ஜன்னல் பக்கம்."

"துண்டு எந்தத் தோள்ல கிடந்துச்சு?"

"கூண்டுப் பக்கத் தோள்ல. ஏம்மா?"

"அந்தத் துண்டக் குடுங்க மாமா" என்றாள். முகர்ந்து பார்த்தாள். ஒரு பையில் போட்டு வாயைக் கட்டினாள். என் துண்டை யாரும் இவ்வளவு மரியாதையாக வாங்கியதில்லை.

ஜூன் 25, புதன்

என்னையும் வரச் சொன்னாள். போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

கவட்டைக் குழாயின் ஒரு முனையில் என் துண்டிலிருந்து வெட்டிய ஒரு துணுக்கு. புழு இல்லை, இலைகூட இல்லை. மறுமுனையில் ஒன்றுமே இல்லை. ஊசி போட்ட குளவியை விட்டாள். கொம்பை ஆட்டிக்கொண்டு வந்தது, திருப்பத்தில் நின்றது, என் துண்டுக்குப் போனது. அடுத்தது. அதுவும். அடுத்தது. ஒன்று துணுக்கின்மேல் ஏறி நின்று பின்பக்கத்தால் குத்திக் குத்திப் பார்த்தது. என் துண்டுக்குள் முட்டை வைக்கப் பார்க்கிறது!

சொட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மருமகள் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக்கிவிட்டார்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இந்தக் குளவிகள் பாடம் படிக்கக் கூடியவை. முதல் தடவை புழுவைச் சந்திக்கும்போது கூடவே என்ன வாசனை வந்தாலும் அதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளும். நான் கொண்டுபோன ஒவ்வொரு பெட்டியின் விளிம்பிலும் என் தைலம். பழக்கும்போதும் அதே, குழாயில் சோதிக்கும்போதும் அதே. எச்ச வாசனையைப் பிடிக்கிற பூட்டை இவள் அடைத்துவிட்டாள், அவை வேறு பூட்டுகளால் என் முட்டிவலியைப் பிடித்துக்கொண்டு புழுவிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

"ஒரு நுனி முட்டிக்கு, மறு நுனி பெட்டிக்குன்னு தனித்தனியாத்தாம்மா வச்சிருந்தேன்…"

"ஒரே துண்டுதானே மாமா?"

போன வாரம் என் மூளையைச் சோதித்தாள், அதில் முழு மார்க். தோளைச் சோதித்திருக்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

நேத்து நைட்டு கேட்டா பாரு ஒரு கேள்வி. இல்ல, கேள்வி இல்ல. சும்மா சொன்னா. "வீடே தைலம் நாறுது. திரை, சுவர், மெத்தை எல்லாம். இங்க இனிமே எப்படிப் புழு வளக்குறது? அங்க பெயிண்ட் இன்னும் காயல." சொல்லிட்டு, "உங்களச் சொல்லல மாமா"ன்னா. பின்ன பக்கத்து வீட்டுக்காரனையா சொன்னா? என்னத்தான் சொன்னா. சரியாத்தான் சொன்னா. அதான் எரியுது.

— சரி. செய்தி வாசிப்பவர் மறுபடி வந்துவிட்டார்.

காலையில் சொன்னேன்: "புழு எதுக்கு எடம் தேடணும்? நான் போறேன்."

மகன், "அப்பா, ஓவராப் பண்ணாதீங்க" என்றான். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும், அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் அந்த வேலையில் இருக்கிறாள்.

மருமகள் கொடுமையால் வெளியேறிய மாமனார் உண்டு. புழுவுக்காக வெளியேறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜூன் 28, சனி

கல்லாக்காரன் அறையில் இருக்கிறேன். ஹோட்டலில் அவன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான், நான் மேசைக்கும் சமையலறைக்கும் நடந்தேன். அத்தனை வருஷமும் சண்டை. இரண்டு பேரும் ஓய்வுபெற்ற பிறகு போனில் சண்டை. அவன் மனைவி போன பிறகு தையல்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறான். நகரத்தின் மறுகோடி. என்னைத் தெரிந்த வேறு எவன் வீட்டிலும் கட்டில் காலி இல்லை.

கதவைத் திறந்ததும், "என்னய்யா, மருமக தொரத்திட்டாளா?" என்றான்.

"இல்ல. புழு தொரத்திடுச்சு."

முழுக் கதையையும் சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். கடைசியில், "அப்பவே சொன்னேன், அந்தத் துண்டத் தோச்சுப் போடுய்யான்னு. எத்தன பேரு சாப்பாட்டுல தைலம் வாட அடிக்குதுன்னு எங்கிட்ட வந்து கத்துனாங்க தெரியுமா?" என்றான்.

"அப்பல்லாம் எனக்கு முட்டி வலியே கிடையாதே!"

"அப்பத் தலைவலி. நெத்திக்குப் போட்டே."

உண்மைதான். என் ஞாபகத்தைப் பற்றி நான் பெருமையடிக்காமல் இருப்பது நல்லது.

ஜூலை 2, புதன்

மகன் போன் செய்தான். வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பின்னறையை அவனும் அவளும் வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவினார்களாம். திரையைக் கழற்றிவிட்டார்கள். என் மெத்தை மொட்டைமாடியில் காய்கிறது. புதுப் பெட்டி, புது முட்டை. பொரிந்துவிட்டனவாம்.

"யாருடா லேப்புக்குக் கொண்டு போவா?"

"நான்தான். வேலைக்குப் போற வழியில குடுத்துட்டுப் போறேன்."

"டேய், விளிம்பத் துடைச்சுடாத!"

"நான் ஏம்பா துடைக்கப் போறேன்? சாப்பிட்ட தட்டையே கழுவ மாட்டேன்னு உங்க மருமக சொல்லிக்கிட்டிருக்கா."

சோம்பேறியைப் பெற்றதற்கு முதன்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

தைலம் நிறுத்தியதிலிருந்து முட்டி தன் கதையை விலாவாரியாகச் சொல்கிறது. படி இறங்கும்போது ஒரு அத்தியாயம், ஏறும்போது ஒன்று.

கல்லாக்காரன் தன் தைலப் பாட்டிலை நீட்டினான். "போட்டுக்கய்யா. உன் குளவி என்ன, பஸ் புடிச்சா இங்க வரப்போகுது?"

வேண்டாம் என்றேன். திடீரென்று வீட்டுக்குக் கூப்பிட்டால்? நாறிக்கொண்டா போவது?

"கூப்பிடுவாங்கன்னு நம்புறியா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கிண்டல் என்றால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று அவளே கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். மேலிடத்துக் குரல் கேட்டால் எழுந்து நிற்பது பழைய வியாதி.

"மாமா, ஒரு விஷயம் ஞாபகம் இருக்கான்னு பாருங்க. வீட்டுல புழு இருந்த நாள்ல, என்னிக்காவது தைலம் போடாம விட்டிருக்கீங்களா? அன்னிக்குப் போன பெட்டி மட்டும் சுத்தமா இருந்திருக்கும். அந்த முடிவ மட்டும் தனியா எடுத்துப் பாக்கலாம். ஒரு நாள் இருந்தாக்கூடப் போதும்."

ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, தெரியும்.

"ஒரு நாளும் விடலம்மா. காலையில எழுந்ததும் முதல் வேல அதுதான்."

"சரி மாமா."

"எனக்குக் கொஞ்சம் மறதி இருந்திருந்தா உனக்கு உதவியிருக்கும்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிப்பா, மூக்கை உறிஞ்சியதா, தெரியவில்லை. "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். புழுவைப் பற்றி நான்தான் பிறகு கேட்டேன். வரிசை மாறியதைக் கவனித்தேன். அதற்கு அர்த்தம் கற்பிக்கக் கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். அடங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கல்லாக்காரனோடு பேச்சு இல்லை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்.

ஜூலை 14, திங்கள்

பேச்சு உண்டு. தேநீர் போட்டு வைத்திருந்தான். ஜன்னல் பாதி திறந்திருக்கிறது.

ஜூலை 19, சனி

சுத்தமான புழுக்களோடு இன்று முதல் சோதனை. மத்தியானத்திலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்லாக்காரன், "அது என்ன முட்டையா, அடைகாக்குற?" என்றான்.

மணி அடித்தது. எடுத்தேன். அவள்தான். மூச்சு மட்டும் கேட்டது. எழுந்து படிக்கட்டுக்கு வந்தேன்.

"சொல்லும்மா. எதுவானாலும் சொல்லு."

"ஊசி போடாதது நேராப் புழுகிட்டப் போயிருச்சு மாமா. ஊசி போட்டது… திருப்பத்துல நிக்குது. அந்தப் பக்கம் கொஞ்சம் போகுது, திரும்புது, இந்தப் பக்கம் போகுது. வழி தெரியல மாமா. ஒண்ணுக்கும் வழி தெரியல!"

வழி தெரியாமல் நின்ற குளவிகளுக்காக ஒருத்தி போனில் அழுகிறாள், ஒரு கிழவன் படிக்கட்டில் நின்று, "நல்லது, நல்லது" என்கிறான். கீழே தையல்கடைக்காரர் என்ன நினைத்திருப்பார்?

பிறகு அந்தக் குளவிகளை நினைத்துக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. எதிரே குஞ்சுக்குச் சாப்பாடு இருக்கிறது, மூக்குக்குத் தெரியவில்லை. பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு நிரூபணம் என்கிறோம்.

"இது ஒரு தடவைதான். குழுவுக்கு முன்னால இன்னும் ரெண்டு தடவ வரணும்" என்றாள். "அதுவரைக்கும்…"

"அதுவரைக்கும் நான் இங்க சவுகரியமா இருக்கேன்மா" என்றேன். கல்லாக்காரன் காதில் விழுந்திருக்கும். இனி ஒரு வாரம் இதை வைத்தே ஓட்டுவான்.

ஜூலை 26, சனி

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவதில் ஊசி போட்டதில் சில எப்படியோ புழுவைக் கண்டுபிடித்துவிட்டனவாம். ஊசி எல்லாவற்றிலும் முழுசாக வேலை செய்யாதாம். "இது போதுமாம்மா?" என்றேன். "எனக்குப் போதும் மாமா. அவங்களுக்குப் போதுமான்னு தெரியல" என்றாள். குழுவில் ஒருவர் ரொம்பக் கறாராம். தைலக் கதையையும் மறைக்காமல் சொல்லப் போகிறாளாம்.

"என்னயும் சேத்தா?"

"பேர் சொல்ல மாட்டேன். புழு வளர்த்தவர்னு சொல்றேன்."

பெயர் சொன்னால்கூடப் பரவாயில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. புகழாசைக்கும் ஒரு அளவு வேண்டும்.

ஜூலை 31, வியாழன்

கூட்டம் காலையில். மத்தியானம்வரை செய்தி இல்லை. மகனுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை, "நான் லிஃப்ட்டுக்குள்ள தொங்கிட்டிருக்கேம்பா, தெரிஞ்சாச் சொல்ல மாட்டேனா?" என்று கத்தினான்.

சாப்பிட்டு முடித்த நேரம் படிக்கட்டில் காலடி. கல்லாக்காரனுக்கு யாரும் வருவதில்லை. கதவைத் திறந்தால் மருமகள் நிற்கிறாள். கூட்டத்துக்கென்று இஸ்திரி போட்ட உடுப்பு, பஸ்ஸில் கசங்கியிருக்கிறது. முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

உள்ளே வந்தாள். இருந்த ஒரே நாற்காலியில் கல்லாக்காரன் என் துணிகளைக் குவித்து வைத்திருந்தான், அதனால் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷம் கேட்டேன் மாமா. ஒரு வருஷம் குடுத்திருக்காங்க."

"ஒரு வருஷம்னா… இங்கயா?"

"இங்கதான். அந்தக் கறாரான ஆளு தைலத்தப் பத்தி மட்டும் அரை மணி நேரம் கேட்டாரு. எந்தத் தைலம், எந்தப் பூட்டு அதப் புடிக்குதுன்னு அடுத்த வருஷம் அதயும் பாருங்கன்னு சொல்லிட்டாரு." தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டாள். "லேப்ல பெயிண்ட் காஞ்சிருச்சு. புழு எல்லாம் நேத்தே போயிருச்சு. உங்களக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். மெத்தையக் கீழ எறக்கிப் போட்டுட்டேன்."

"தேநீர் குடிக்கிறியா?" என்றேன். இத்தனை வருஷ சர்வர் வேலையில் மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான்.

கல்லாக்காரன் கடையில் வாங்கி வருகிறேன் என்று இறங்கினான். நான் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். "பஸ்லயா போறோம்?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். உட்கார்ந்தபடியே, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டாள். கால் இன்னும் செருப்புக்குள்.

கல்லாக்காரன் மூன்று தேநீரோடு வந்து, "என்னய்யா, சீனி…" என்று தொடங்கினான். கையைக் காட்டினேன். பார்த்தான். தேநீரைத் தரையில் வைத்துவிட்டு, போய் ஜன்னலை மெதுவாகச் சாத்தினான். நான் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன், அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் ஒரு தேநீரைக் குடித்தான், நான் ஒன்றை. மூன்றாவதை மூடி வைத்திருக்கிறோம். ஆறிவிடும். ஆறட்டும். வேறு வாங்கிக்கொள்ளலாம்.

வெளிச்சம் இன்னும் நிறைய இருக்கிறது. கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. இதையெல்லாம் வாயைப் போனுக்குள் வைத்துத்தான் சொல்கிறேன். கல்லாக்காரன் முறைக்கிறான், விரலை உதட்டில் வைக்கிறான்.

சரி. சரி.